சின்னச் சக்கரம், பெரிய கணக்கு

பாலக்காடு, இடுக்கி எல்லைச் சாலைகளில் பளபளக்கும் பெரிய அலாய் சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சிறியவற்றை மாட்டுவது புத்திசாலித்தனம்தான். ஆனால் அதைக் கண்ணளவில் செய்தால் மலை இறக்கத்தில் விலை கொடுக்க நேரிடும்.

பாலக்காடும் இடுக்கியும் கேரளத்தின் இரண்டு மாவட்டங்கள். ஆனால் வரைபடத்தில் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் இயல்பான வழிகளில் ஒன்று தமிழ்நாட்டின் வழியாகப் போகிறது. சித்தூர் வட்டத்தைக் கடந்து கோபாலபுரம் சோதனைச் சாவடி, பொள்ளாச்சி, உடுமலை, பிறகு சின்னாறு வனப்பகுதி, மறையூர், மூணாறு. காலையில் பாலக்காட்டுச் சமவெளியின் வெயிலில் கிளம்பும் கார், மதியம் தேயிலைத் தோட்டத்தின் குளிரில் நிற்கும். இடையில் அது இரண்டு மாநிலங்களின் சாலைகளையும் ருசி பார்த்துவிடும்: வழவழப்பான நெடுஞ்சாலை, தோண்டி மூடப்படாத பள்ளம், மழையில் ஓரம் அரித்த தார், கொண்டை ஊசி வளைவு.

இந்தச் சாலைகளில் ஓடும் கார்களுக்கு ஒரு புதிய வியாதி பிடித்திருக்கிறது. பள்ளத்தில் ஒருமுறை 'டொக்' என்று இறங்கினால் போதும். டயரின் பக்கச் சுவரில் முட்டை போல ஒரு வீக்கம். அல்லது அலாய் ரிம்மின் விளிம்பில் ஒரு நெளிவு. அதிர்ஷ்டம் மோசமாக இருந்தால் மெல்லிய விரிசல். ட்யூப் இல்லாத டயரிலிருந்து காற்று இரவோடு இரவாக இறங்கிவிடும். காரணம் தேடி அலையத் தேவையில்லை. ரிம் பெரிதாகிவிட்டது, ரப்பர் மெலிந்துவிட்டது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஓடியது 12 அங்குலச் சக்கரத்தில். இன்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலேயே 16 அங்குலம் சாதாரணம். கொஞ்சம் பெரிய வண்டி என்றால் 17, 18. காட்சியறையில் பெரிய சக்கரம் காருக்குக் கம்பீரம் தருகிறது. விலைப்பட்டியலில் உயர்ந்த ரகத்துக்கு ஒரு நியாயம் தருகிறது. ஆனால் சக்கரக் குழிக்குள் இருக்கும் இடம் அளவானது. ரிம் வளர்ந்தால் ரப்பர் குறைந்தே ஆகவேண்டும். பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ அல்ல. டயருக்குள் இருக்கும் காற்றும் அதைச் சுற்றி நிற்கும் பக்கச் சுவரும்தான். அந்தச் சுவரைக் குட்டையாக்கிவிட்டு சாலையைத் திட்டுவதில் பாதி நியாயம்தான் உண்டு.

எனவே சிலர் எதிர்த்திசையில் யோசிக்கிறார்கள். 15 அங்குல அலாய் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 14 அங்குல இரும்புச் சக்கரம். 16க்குப் பதில் 15. அழகு கொஞ்சம் குறையும், இடுப்பு வலியும் குறையும். யோசனை சரியானது. ஆனால் அது கணக்கோடு வரும் யோசனை.

ஜீப் சொல்லும் பாடம்

சின்னச் சக்கரம் எப்போதும் மேல் என்று இதற்கு அர்த்தமில்லை. இடுக்கியின் ஜீப்புகளே அதற்குச் சாட்சி. மகிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே அந்த வண்டிகளில் பரிச்சயமான அளவு 6.00-16. அதாவது 16 அங்குல ரிம், சிறியதே அல்ல. ஆனால் அதன் மேல் உட்காரும் டயரின் அகலம் 6 அங்குலம், உயரமும் ஏறக்குறைய அதே அளவு. சுமார் 150 மில்லிமீட்டர் ரப்பர்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வழியில் பாறைகளின் மீது ஜீப் குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில்; ஆனால் வண்டிப் பாதை இடுக்கி வழியாகத்தான். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியின் பாதைகளிலும் நம்பிக்கைக்குரியது ஜீப்தான். நான்கு சக்கர இழுவை மட்டும் அதற்குக் காரணமல்ல. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் அந்த ஆறு அங்குலமும்தான்.

ஆக, கவனிக்கவேண்டியது ரிம்மின் எண்ணை அல்ல, ரப்பரின் உயரத்தை. காரில் அந்த உயரத்தைக் கூட்ட இருக்கும் ஒரே நேர்மையான வழி, சக்கரத்தின் மொத்த வெளிவிட்டத்தை மாற்றாமல் உள்ளே இருக்கும் ரிம்மைச் சிறிதாக்குவது.

எண்களைப் படிக்கத் தெரிந்தால்

டயரின் பக்கவாட்டில் 185/65 R15 என்று எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. R என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் ஒரே வரியில் கலந்துவைத்திருப்பதால்தான் இது மிரட்டுகிறது. பள்ளிக்கூடப் பெருக்கல் போதும்.

2018இல் வந்த மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த ரகத்துக்கு நிறுவனம் கொடுத்தது 185/65 R15. சுவரின் உயரம் 120 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 240.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381. மொத்தம் 621.5 மி.மீ. அதே காரின் அடிப்படை ரகத்துக்குக் கொடுத்தது 165/80 R14. சுவர் 132 மி.மீ., இரண்டு பக்கமும் 264, ரிம் 355.6. மொத்தம் 619.6. இரண்டுக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் சின்னச் சக்கரத்தில் சுவர் 12 மி.மீ. அதிக உயரம். பள்ளத்தில் விழும்போது அந்த 12 மில்லிமீட்டர்தான் காப்பாற்றும்.

இதே தர்க்கம் மற்ற கார்களிலும் உண்டு. ஹோண்டா சிட்டியின் நான்காம் தலைமுறையில் 185/55 R16, 175/65 R15 என இரண்டு அளவுகள் வந்தன. வெளிவிட்டம் 609.9க்கு 608.5, சுவர் 102க்கு 114. பெரிய செடான்களில் பரவலான 205/55 R16க்கு இணை 195/65 R15. வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு, சுவரில் கிடைக்கும் லாபம் 14 மி.மீ.

தவறு எங்கே நடக்கிறது? 185/65 R15 ஓடிய காருக்கு 185/65 R14 மாட்டும்போது. முன்னிரண்டு எண்களும் அப்படியே இருப்பதால் பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வெளிவிட்டம் 596 மி.மீட்டராகச் சுருங்கிவிடும். 4 சதவீதம் குறைவு. சுவரின் உயரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. கார் தரையை நோக்கி ஏறக்குறைய 13 மி.மீ. இறங்கிவிடும். தரையிடைவெளி 163 மி.மீ. என்று நிறுவனம் சொன்ன ஸ்விஃப்டில் அது 150 ஆகிவிடும். பள்ளத்துக்குப் பயந்து சக்கரத்தை மாற்றியவர், வயிற்றை வேகத்தடையில் உரசிக்கொண்டு போவார். வேகமானி 60 காட்டும்போது உண்மையான வேகம் 57.5 ஆக இருக்கும். ஓடோமீட்டர் 100 கிலோமீட்டர் என்று எழுதும்போது கார் கடந்தது 96. சர்வீஸ் சீக்கிரம் வரும், மைலேஜ் கணக்கு பொய் சொல்லும், வண்டியை விற்கும்போது ஓடாத தூரத்துக்கும் சேர்த்து விலை குறையும்.

இந்தத் தொழிலில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் வரம்பு, வெளிவிட்டத்தில் கூடுதலோ குறைவோ 3 சதவீதத்துக்குள். ஒரு சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது உத்தமம்.

பொருந்துவது வேறு, மாட்டுவது வேறு

விட்டம் சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்ததா? பாதிதான். மீதியைத் தீர்மானிப்பது சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் பிரேக். உயர்ந்த ரகக் கார்களில் சில, பெரிய சக்கரத்தோடு பெரிய டிஸ்க் பிரேக்கையும் சுமந்து வருகின்றன. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் சிறிய ரிம்மின் உட்புறத்தில் உரசலாம். சில மில்லிமீட்டர் இடைவெளியாவது தேவை. ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்காமல் டயர் வாங்குவது அவசரம். உரசுகிறது என்று கேலிப்பரையோ ரிம்மையோ கிரைண்டரில் தேய்த்து இடம் பண்ணுவது அவசரமல்ல, ஆபத்து.

மலையில் இந்த ஆபத்துக்கு எடை அதிகம். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் இறங்கினாலும் பிரேக்குக்கு ஓய்வு குறைவு. சமவெளியில் வாரக்கணக்கில் சொல்லாத குறையை அந்த இறக்கம் அரை மணி நேரத்தில் சொல்லிவிடும்.

அடுத்து, போல்ட்டுகள். பல சிறிய கார்களில் நான்கு போல்ட்டுகள் 100 மி.மீ. வட்டத்தில் அமைந்திருக்கும். ஆகவே ஒரு நிறுவனத்தின் ரிம் இன்னொன்றின் காரிலும் ஏறிவிடும். ஏறுவதெல்லாம் பொருந்துவதல்ல. நடுத்துளையின் அளவு மாருதியின் சிறிய கார்கள் பலவற்றில் 54.1 மி.மீ.; ஹோண்டாவில் 56.1. ஹோண்டாவின் ரிம் மாருதியில் ஏறும், ஆனால் நடுவில் 2 மி.மீ. தளர்வு. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். மாருதியின் ரிம்மோ ஹோண்டாவில் ஏறவே ஏறாது. நட்டுகளிலும் வித்தியாசம் உண்டு. அலாய் ரிம்முக்கும் இரும்பு ரிம்முக்கும் நட்டு உட்காரும் குழியின் வடிவம் வேறாக இருக்கலாம். சிலவற்றில் கூம்பு, சிலவற்றில் உருண்டை. தவறான நட்டு இறுகியது போலத் தோன்றும், ஓட ஓட இளகும். எந்த ரிம் மாற்றினாலும் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நட்டுகளைச் சரிபார்ப்பது நல்ல கடைகளின் பழக்கம்.

மூன்றாவது, ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காருகிறது என்பது. இதை ஆஃப்செட் என்பார்கள். இது மாறினால் சக்கரம் உள்ளே சஸ்பென்ஷனில் உரசலாம், அல்லது வெளியே துருத்திக்கொண்டு பேரிங்கைத் தின்னலாம்.

நான்காவது, பலரும் மறப்பது: எடை தாங்கும் திறன். அளவுக்குப் பக்கத்திலேயே இரண்டு இலக்க எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 88 என்றால் 560. 91 என்றால் 615. S என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை, T என்றால் 190, H என்றால் 210. 205/55 R16க்கும் 195/65 R15க்கும் வழக்கமாக 91தான் என்பதால் அங்கே சிக்கல் இல்லை. மற்ற மாற்றங்களில் இந்த எண் குறைந்துவிடலாம். குடும்பத்தோடு, மேலே மூட்டையோடு மறையூர் ஏறும் காருக்கு அது சின்ன விஷயமல்ல. தயாரிப்பாளர் அந்தக் காருக்குச் சொன்ன எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது.

கிடைப்பதும் இழப்பதும்

லாபத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். உயர்ந்த பக்கச் சுவர் பள்ளத்தில் வளைந்து கொடுப்பது போலவே திருப்பத்திலும் வளைந்து கொடுக்கும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஒரு சிறு தயக்கம் தெரியும். 185க்குப் பதில் 165 என்றால் சாலையைத் தொடும் ரப்பர் 20 மி.மீ. ஒடுக்கம். காய்ந்த தாரில் அவசர பிரேக் போடும்போது பிடிமானம் கொஞ்சம் குறையலாம். மறுபக்கம், ஒடுங்கிய டயர் தேங்கிய நீரைச் சுலபமாகக் கிழித்துப் போகும். அகல டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்திலும் இது தரையை விடாது. ஜூன் முதல் மழை கொட்டும் மாவட்டத்தில் இது லேசான லாபமல்ல. சிறிய அளவில் டயர் விலையும் பொதுவாகக் குறைவு, சிறிய ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும்.

இரும்பு ரிம்முக்கு இன்னொரு குணமும் உண்டு. அடிபட்டால் நெளியும், நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தி ஊர் போய்ச் சேரலாம். அலாய் விரிசல் விட்டால் அதற்கு வெல்டிங் வைத்து மலை ஏறுவது விவேகமல்ல. தேவிகுளம் கேப் ரோட்டில் 2019, 2020 ஆண்டுகளில் மலை சரிந்து சாலையே புதைந்தது. அதைப் போன்ற இடங்களில் நடுவழியில் நின்றுவிட்டால், பக்கத்துப் பஞ்சர் கடையில் சரிசெய்யக்கூடிய ரிம் எது என்பதுதான் கேள்வி. எது அழகு என்பதல்ல.

ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது. நான்கு சக்கரங்களை மாற்றிவிட்டுப் பழைய ஸ்டெப்னியை விட்டுவைத்தால், வெளிவிட்டம் ஒன்றாக இருக்கும்வரை அது சமாளிக்கும். ரிம் மாறியதால் நட்டு வேறாகிவிட்டது என்றால், பழைய நட்டுகளையும் காரிலேயே வைத்திருக்கவேண்டும். இருட்டில், மழையில், யானை நடமாடும் சின்னாறு சாலையில் அந்த உண்மையைக் கண்டுபிடிக்கக் கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்த மாற்றம் சட்டப்படி செல்லுமா என்ற கேள்விக்குக் கேரளத்தில் தனிக் கனம் உண்டு. வாகன மாற்றங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கொடுத்த முக்கியமான தீர்ப்பு கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது. கேரள வட்டாரப் போக்குவரத்து அதிகாரி தொடுத்த மேல்முறையீடு அது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தரவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் காட்டியிருந்த தாராளம் அத்தோடு முடிந்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

சக்கரம் மாற்றுகிறவர் இதில் எங்கே வருகிறார்? சட்டம் 'மாற்றம்' என்று விளக்குவது வாகனத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாறுதலை. அதே மாடலின் இன்னொரு ரகத்துக்குத் தயாரிப்பாளரே கொடுத்த ரிம்மையும் டயரையும் மாட்டுகிறவர் தயாரிப்பாளரின் எல்லைக்குள்ளேயே நிற்கிறார். ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்தச் சீட்டும் கையேடும்தான் அவருக்குச் சாட்சி. பல கார்களில் அந்தச் சீட்டிலேயே இரண்டு அளவுகளும் அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தாண்டி, எங்கோ கிடைத்த ரிம்மை எப்படியோ மாட்டுகிறவருக்கு அந்தச் சாட்சி இல்லை. கோபாலபுரத்திலோ குமுளியிலோ வண்டி நிறுத்தப்பட்டால் விளக்கம் சொல்லவேண்டியவர் அவர்தான். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் கேள்விக்கும் அவரே பதில் சொல்லவேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்துவதும், மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் ஒரு தபால் செலவுக்குள் முடியும் காரியம்.

கடைக்குப் போகும் முன்

ஆக, வழி இதுதான். முதலில் கதவுச் சீட்டையும் கையேட்டையும் படித்து, அதே மாடலின் கீழ் ரகத்துக்கு என்ன அளவு என்று பார்க்கவேண்டும். இன்ஜினும் பிரேக்கும் அதேதானா என்று உறுதி செய்யவேண்டும். ஒரே பெயரில் வரும் டீசல் வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் பிரேக் வேறாக இருக்கலாம். டயர் வாங்கும் முன் ஒரே ஒரு ரிம்மை முன்பக்கம் மாட்டிச் சுற்றிப் பார்க்கவேண்டும், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி. ரிம்மின் அகலம் டயருக்கு ஏற்றதா என்று கேட்கவேண்டும்: 195/65 R15க்கு ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரை. டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, கடைசி நான்கு இலக்கங்கள் எந்த வாரம், எந்த ஆண்டு என்கின்றன என்று பார்க்கவேண்டும். நான்கையும் ஒன்றாக மாற்றவேண்டும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று வைத்தால் ஏ.பி.எஸ். குழம்பும். கடைசியில் அலைன்மென்ட், பாலன்சிங், புதிய அளவுக்கு உரிய காற்றழுத்தம்.

இவ்வளவும் சேர்ந்து ஒரு நாள் வேலை. இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியை விளைவிக்கும் மாநிலம் கேரளம். சாலாக்குடிக்குப் பக்கத்திலுள்ள பேராம்பிராவில் 1977இல் அப்போலோ டயர்ஸின் முதல் ஆலை தொடங்கப்பட்டது. ரப்பரின் அருமை தெரிந்த மண் அது. அந்த மண்ணின் சாலைகளில் ஓடும் கார்களுக்கு இன்னும் 12 மில்லிமீட்டர் ரப்பர் கூடுதலாகக் கிடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பள்ளங்களை அரசாங்கம் என்று மூடுமோ தெரியாது. அதுவரை அவற்றைத் தாங்கும் சக்கரத்தை, பெருக்கிக் கூட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது காரோட்டியின் கையில்தான் இருக்கிறது.